பின் டயர் புதுசு, வண்டி ஆடுது

"பின்னாடி ரெண்டு டயரும் புதுசுண்ணே. நேத்துதான் போட்டேன். போட்டதுலேருந்து வண்டி ஆடுது."

இந்தப் புகாரோடு கார் பட்டறைக்குள் நுழைவது எனக்குப் பழகிப்போன விஷயம். மொட்டை டயரில் ஒழுங்காக ஓடிய வண்டி, கை நிறையப் பணம் கொடுத்துப் புது டயர் போட்டதும் ஆடுகிறதென்றால் யாருக்கும் ஆத்திரம் வரும். கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான், இல்லாவிட்டால் கம்பெனியே சரியில்லை என்றுதான் முதலில் தோன்றும். திண்டுக்கல்லில் வீல் அலைன்மெண்டும் பேலன்சிங்கும் பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: டயரே கெட்டிருப்பது அபூர்வம். ஆனால் வண்டி ஆடுகிறது என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. "அதெல்லாம் ஓட ஓடப் பழகிரும் சார், போங்க" என்று அனுப்பிவிடுகிற கடைகள் உண்டு. சில சமயம் அந்தப் பதில் சரியாகக்கூட இருக்கும். எந்தச் சமயம் சரி, எந்தச் சமயம் ஆளையே கொன்றுவிடும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இப்படி ஒரு புகாரே கிடையாது. மதுரைக்குப் போகிற சாலை அப்போது என்.எச். 7. முன்னால் லாரி, எதிரே பஸ், ஓரத்தில் மாட்டு வண்டி என்று போன அந்தச் சாலையில் அறுபதைத் தாண்ட இடமிருக்காது. அறுபதில் எந்த டயரின் குணமும் வெளியே வராது. நான்கு வழிச்சாலை வந்து, எண்ணும் என்.எச். 44 என்று மாறிய பிறகு, சின்னக் கார் ஓட்டுகிறவரும் தொண்ணூறு, நூறு என்று போகிறார். அதோடு எங்கள் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவே சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்று வண்டியின் விலாவில்தான் அடிக்கும். மதுரை நோக்கிப் போனால் வலப்பக்கம், திண்டுக்கல் நோக்கி வந்தால் இடப்பக்கம். வரும்போது ஒரு லாரியைத் தாண்டினால், லாரியின் மறைப்பில் கொஞ்ச நேரம் காற்று நிற்கும். முன்னால் வந்ததும் சட்டென்று அறையும். அம்பாத்துரைக்கும் கொடைரோட்டுக்கும் இடையில் ஆடி மாதம் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

ஆடுகிறது என்றதும் நான் ஜாக்கியை எடுப்பதில்லை, கேள்விதான் கேட்பேன். எண்பது, தொண்ணூறில் மட்டும் நடுங்கி, அதற்கு மேலே போனால் குறைகிறதா? அது பேலன்சிங். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம். கையை விட்டால் ஒரே பக்கமாக இழுக்கிறதா? அது அலைன்மெண்ட், டயர்க் காற்று, சில சமயம் டயரின் உள்கட்டிலேயே இருக்கும் கோணல். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெளிவந்துவிடும். இரண்டும் இல்லாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டியின் முன்பாதி ஒரு நேரத்திலும் பின்பாதி இன்னொரு நேரத்திலும் வருகிறது என்று சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சின்னாளபட்டியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார், ஓய்வு பெறும் வயது. சின்ன ஹேட்ச்பேக் கார். வெளியூர்க் கடை ஒன்றில் பின்னால் இரண்டும் புதிதாகப் போட்டிருந்தார்.

"எப்ப சார் ஆடுது?"

"லாரியைத் தாண்டுறப்ப தம்பி."

"வலப்பக்கம் ஒதுங்குறப்பவா, தாண்டிட்டு இடப்பக்கம் உள்ள வர்றப்பவா?"

கொஞ்சம் யோசித்தார். "வலப்பக்கம் ஒடிக்கிறப்பதான். முன்னாடி போயிருது, பின்பக்கம் கொஞ்சம் கழிச்சு வந்து சேருது. உள்ள வர்றப்ப அவ்வளவா தெரியல."

"மதுரைக்குப் போறப்ப ஜாஸ்தியா, வர்றப்பவா?"

"போறப்பதான். அதெப்படித் தெரியும் உங்களுக்கு?"

தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பதிலில் பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. வலப்பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். மதுரை நோக்கிப் போகும்போது மேல்காற்று வலப்பக்கம் அடித்தாலும் வண்டி இடப்பக்கம்தான் சாயும். இரண்டிலும் சுமை ஏறுவது இடது பின் சக்கரத்தில். புது டயரின் இயல்பான நெளிவாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒரு சக்கரத்தில் ஏதோ இருக்கிறது.

வண்டி ஆறட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டுக் காற்றைப் பார்த்தேன். சூடான டயரில் காற்றின் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால்தான் இந்தப் பொறுமை. முன்னால் 29, 30 பி.எஸ்.ஐ. பின்னால் வலது 33. இடது 21. கதவைத் திறந்தால் டிரைவர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் நான்குக்கும் 30 என்றது. இருபத்தொன்றில் இருக்கிற டயரைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். காலால் உதைத்துப் பார்த்துக் காற்றுச் சொல்கிறவர்கள் நைலான் டயர்க் காலத்து ஆட்கள்.

சோப்புத் தண்ணீரை வால்வின் மேல் ஊற்றினேன். முனையில் ஒன்றுமில்லை. வால்வை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்தேன். ரிம்மில் செருகியிருக்கும் அடிப்பாகத்தில் கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. டயர் புதுசு, வால்வு பழசு. டியூப்லெஸ் டயரின் வால்வு வெறும் ரப்பர். வெயிலிலும் பிரேக் சூட்டிலும் காய்ந்து, அடியில் வெடிப்பு விடும். டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றுவதுதான் முறை, அதற்கு ஆகிற செலவு டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அந்தக் கடையில் யாரோ ஒரு பையன் அவசரத்தில் விட்டுவிட்டான். இரண்டு வால்வையும் மாற்றி, நான்கிலும் 30 வைத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு வடமதுரை பக்கம் போய் வந்தேன். ஒருபக்க ஆட்டம் போய்விட்டது.

ஆனால் முழுசாகப் போகவில்லை. அவரும் உணர்ந்தார், நானும் உணர்ந்தேன். இப்போது இரண்டு பக்கமும் சமமாக, லேசாக, பின்பக்கம் ஒரு நூல் தாமதம். இதுதான் புது டயரின் சொந்த ஆட்டம்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். டயர் என்பது திருப்பிய திசைக்கு அப்படியே போகிற பொருள் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கிலிருந்துதான் பக்கவாட்டு விசை பிறக்கும், அதற்குப் பிறகே வண்டி திரும்பும். எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு விசை என்பது டயருக்கு டயர் மாறும். புதுக் கார் டயரில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம். அவர் வண்டியின் முன் டயரில் அளந்தபோது 3 மில்லிமீட்டர்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் புது அழிரப்பரை நிறுத்தி வைத்துத் தேய்த்தால் வளைந்து வளைந்து போகும். தேய்ந்து கட்டையானது வளையாமல் அழிக்கும். வாத்தியாருக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. முன்னால் கட்டை ரப்பர், திருப்பியதும் விறைப்பாகப் பதில் சொல்கிறது. பின்னால் உயர ரப்பர், நெளிந்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. இடையிலுள்ள அந்தக் கணநேரத்தில் வண்டியின் வால் தனியாக இருப்பதுபோல் தோன்றும். ஓட்டுகிறவர் பயந்து எதிர்ப்பக்கம் திருப்பினால் அதற்கும் பின்பக்கம் தாமதமாகப் பதில் சொல்லும், ஆட்டம் இரண்டு மடங்காகும். அதனால் இந்த நிலையில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடக் கூடாது. மெதுவாகத் திருப்பி, மெதுவாக விட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டயர் செய்யும்போது அச்சிலிருந்து ஒட்டாமல் கழன்று வருவதற்காக ஒரு வழவழப்புப் பொருள் பூசுவார்கள். அதன் மிச்சம் மேல்தோலில் இருக்கும். முதல் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அந்தத் தோலும் தேய்ந்துவிடும், பட்டனும் கொஞ்சம் இறுகிவிடும். "பழகிரும்" என்று சொல்கிற கடைக்காரர் சொல்வது இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும். இருபத்தொரு காற்றுக்குப் பொருந்தாது.

அப்போதுதான் ஆசிரியர் அந்த யோசனையைச் சொன்னார். எல்லோரும் சொல்வதுதான்.

"அப்ப புதுசு ரெண்டையும் முன்னாடி மாத்திப் போட்டுருங்க தம்பி. ஆட்டம் நின்னுரும்ல?"

நின்றுவிடும். மாற்றிப் போட்டால் அன்றைக்கே வண்டி சொன்னபடி கேட்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், பின்பக்கம் இறுக்கமாகத் தொடர்ந்து வரும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். பல கடைகளில் இதைத்தான் செய்து அனுப்புகிறார்கள். நான் செய்வதில்லை. கேட்டுக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் ஐப்பசியில் தெரியும். ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதென்று வையுங்கள். டயர் அகலம் 165 மில்லிமீட்டர், வேகம் 80 கிலோமீட்டர். அந்த ஒரு டயர் தன் வழியிலிருந்து விநாடிக்குப் பதினோரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். பட்டனுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் இருப்பது அதற்குத்தான். 8 மில்லிமீட்டர் பள்ளம் ஒதுக்குவதை 3 மில்லிமீட்டர் பள்ளத்தால் ஒதுக்க முடியாது. முடியாதபோது டயர் தண்ணீர் மேல் ஏறிவிடும், ரோட்டைத் தொடாது.

முன் டயர் இப்படி ஏறினால் ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகும். எந்த டிரைவரும், கற்றுக்குட்டிகூட, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். வண்டி வேகம் குறைந்து, நேராகவே போய், பிடிப்பு திரும்பிவிடும். பயத்தில் செய்கிற காரியமே அங்கே சரியான காரியம். பின் டயர் ஏறினால் எந்த முன்னறிவிப்பும் வராது. பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். அப்போது காலை எடுத்தால் பாரம் முன்னால் போய், பின் சக்கரம் இன்னும் லேசாகி, சுழல்வது கூடும். பிரேக்கை மிதித்தால் இன்னும் மோசம். பின்பக்கம் வழுக்கிப் போகும் பக்கத்துக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்க வேண்டும், அதையும் கணக்காக. பந்தய ஓட்டுநருக்குக் கைவந்த வித்தை அது. சம்பளம் வாங்கிக் குடும்பத்தோடு பழநிக்குப் போகிறவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் முன்சக்கர இழுவையோ பின்சக்கர இழுவையோ, இரண்டே டயர் வாங்கினால் புதுசு பின்னால்தான் என்று டயர் கம்பெனிகள் உலகம் முழுக்கச் சொல்கின்றன. வெயிலில் கொஞ்சம் ஆடுகிற வண்டியும், மழையில் சுழன்று சென்டர் மீடியனில் ஏறுகிற வண்டியும் ஒன்றல்ல என்று ஆசிரியரிடம் சொன்னேன். பின்னால் இருப்பது பின்னாலேயே இருக்கட்டும் என்றார்.

இந்த "புதுசு முன்னாடி" பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அம்பாசடர் காலத்தில் நேர்மாறான பழக்கம் இருந்தது. அம்பாசடருக்கு இழுவை பின் சக்கரத்தில். ஆள் ஏறுவதும் மூட்டை ஏறுவதும் பின்னால். பின் டயர்தான் முதலில் தேயும், புதுசும் பின்னால்தான் போகும். 5.90-15 என்று ஒரே அளவு, நான்கிலும் ஒரே ஜாதி நைலான் டயர். காரணம் தெரிந்து செய்தார்களா என்பது வேறு விஷயம், காரியம் சரியாக நடந்தது. 1983 கடைசியில் மாருதி 800 வந்தது. இழுவை முன்னால், என்ஜின் முன்னால், திருப்புவதும் முன்னால், பிரேக்கின் பெரும்பாரமும் முன்னால். முன் டயர் மளமளவென்று தேய்ந்தது. தேய்ந்த இடத்தில் புதுசைப் போடுவதுதானே உலக வழக்கம்? பின்னாலிருக்கும் பாதித் தேய்ந்த டயரை முன்னால் கொண்டுவந்து, புதுசைப் பின்னால் மாட்டினால் கடைக்காரருக்கு நான்கு சக்கரத்தையும் கழற்றுகிற வேலை. கூலி ஒன்று, வேலை இரண்டு. அப்படியே முன்னால் மாட்டி அனுப்புகிற பழக்கம் வேரூன்றிவிட்டது. இன்றைக்கு ஒழுங்காகப் பின்னால் போட்டுத் தருகிற கடைக்காரர்தான் திட்டு வாங்குகிறார்.

காற்று வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு உலகமே அறிந்த ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது. 1960 மாடலாக ஷெவர்லே கம்பெனி கோர்வேர் என்று ஒரு கார் விட்டது. என்ஜின் பின்னால். முன் டயரில் 15, பின் டயரில் 26 வைக்க வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. பின்பக்கம் எகிறிப் போகாமல் அந்த வண்டியைப் பிடித்து வைத்திருந்ததில் இந்தப் பதினொன்று வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு. ஆனால் நான்கிலும் ஒரே அளவு அடிப்பதுதான் எந்த நாட்டிலும் வழக்கம். ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட புத்தகத்தில் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். நம் கார்களில் அவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. என்றாலும் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் பின்னால் கூட்டி வைக்கச் சொல்லிப் பல வண்டிகளின் ஸ்டிக்கரில் தனி வரி உண்டு. கல்யாணத்துக்குப் போகிற வண்டியில் அதைப் படிக்கிறவரை நான் பார்த்ததில்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற ஒரு பிக்கப் வந்தது. அதன் ஆட்டம் வேறு ரகம். முன்னால் ரேடியல். பின்னால், பாரம் தாங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மலிவாகக் கிடைத்த நைலான் டயர் இரண்டு. ரேடியலின் உள்ளே இழைகள் குறுக்காக நேரே ஓடும், பட்டனுக்கு அடியில் இரும்புப் பட்டை சுற்றியிருக்கும்; கொஞ்சம் முறுக்கினாலே பிடித்துக்கொள்ளும். நைலான் டயரில் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்வாகப் பின்னியிருக்கும். அதே பிடிப்புக்கு அது அதிகம் முறுக்க வேண்டும். முன்னால் உடனே பிடிக்கிற டயர், பின்னால் தாமதிக்கிற டயர், அதற்கு மேலே ஒரு டன் முருங்கையும் தக்காளியும். பழநி ரோட்டு வளைவில் பின்பக்கம் தனியாகப் போனது என்று டிரைவர் தம்பி சொன்னபோது அவன் குரல் நடுங்கியது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது எந்த வண்டிக்கும் ஆகாது. இதில் பேலன்சிங், அலைன்மெண்ட் எதுவும் உதவாது. "இந்த ரெண்டையும் கழட்டாம வண்டிய வெளிய விடமாட்டேன்" என்றேன். முதலாளிக்குப் போன் போட்டுப் பேசினார்கள், கொஞ்சம் சத்தமும் போட்டார்கள். கழற்றினோம்.

கொடைக்கானலுக்கு டூரிஸ்ட் ஓட்டுகிற ஒருவர் கொண்டுவந்தது இன்னும் சுவாரசியமானது. காற்று சரி, ஜாதி சரி, டயர் செய்த தேதியும் சரி. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் ஓர் அடி தள்ளி வைப்பதுபோல் இருக்கிறது, புது டயர் போடும்வரை இப்படி இல்லை என்றார். வண்டியைத் தூக்கி, பின் அச்சைத் தாங்கும் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் லிவர் கொடுத்து நெம்பினேன். அங்கே ஒரு ரப்பர் புஷ் உண்டு. நல்ல புஷ் முனகிக்கொண்டு மயிரிழை அசையும். இது பெருவிரல் கனத்துக்குப் போய் வந்தது. ரப்பர் கிழிந்து இரும்பிலிருந்து கழன்றிருந்தது. ஒரே நாளில் கிழிகிற கிழிசல் இல்லை அது. பழைய டயருக்குப் பிடிப்பு குறைவு, வளைவில் டயர் கொஞ்சம் வழுக்கிவிடும், அதனால் புஷ் மேல் அவ்வளவு விசை போகவில்லை. புது டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்ததும், அந்த இழுப்பு முழுவதும் கிழிந்த புஷ் மேல் வந்தது. ஆர்ம் போய்ப் போய் வந்தது. டயர் குற்றவாளி இல்லை, காட்டிக்கொடுத்த சாட்சி. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருந்தாலும் இதே கதைதான்.

அலைன்மெண்ட் மிஷினைப் பற்றி என் தொழில்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டினால் கம்ப்யூட்டர் பின் சக்கரத்தின் கணக்கையும் காட்டும். சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் ஒரே துண்டு அச்சு. திருகித் திருத்த வழியில்லை. திருத்த முடியாததை எதற்குப் பார்ப்பது என்று முன் சக்கரத்தை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்து தாளை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய குழியில் விழுந்தோ கல்லில் ஏறியோ பின் அச்சு லேசாக வளைந்திருந்தால், பின் சக்கரங்கள் வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பின் சக்கரத்தின் முன்முனை வெளிப்பக்கம் பார்த்து விரிந்திருந்தால் வண்டி நேர் ரோட்டிலேயே அலையும். டயர் தேய்ந்திருந்தவரை மங்கலாக இருந்த இந்தக் கோளாறு, புது டயரில் பளிச்சென்று தெரியும். கார் வைத்திருக்கிறவர்கள் தாளில் பின் சக்கரத்தின் வரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், "அது அப்படித்தான் சார்" என்பது பதில் இல்லை. அச்சையும் புஷ்ஷையும் சோதிக்க வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் கடையில் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டியவை. டயரின் விலாவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு டயரும் ஒரே அளவா, ஒரே மாடலா என்று எழுத்தைப் படியுங்கள். சில டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சிலவற்றில் எந்தப் பக்கம் வெளியே என்று எழுதியிருக்கும். மாற்றி மாட்டுகிற கடைகள் இருக்கின்றன. டயர் ரிம்மில் உட்காருவதற்காக முதலில் காற்றை நாற்பதுக்கு மேல் ஏற்றுவார்கள். அதை இறக்கினார்களா என்று கேளுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

முன்னுக்கும் பின்னுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராமலே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேயும், நான்கையும் ஒன்றாக மாற்றலாம். ஒரே சமயத்தில் நான்கு டயருக்குப் பணம் புரட்டுவது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு இரண்டாக வாங்குகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். அப்படி வாங்கினால், பின்னால் இருந்த நல்லது முன்னால், புதுசு பின்னால். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை பட்டன் தேயலாம் என்கிறது. மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயரை வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகையில் நான்கு வழிச்சாலையில் எண்பதைத் தொடாதீர்கள்.

புது டயர் போட்டு வண்டி ஆடினால் மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்பே, நான்கு சக்கரத்தின் காற்றையும் அளந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காற்றுமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்று சரியாக இருந்து, இரண்டு பக்கமும் லேசாக ஒரே மாதிரி ஆடினால் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆடினாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, வளைவில் சத்தம் வந்தாலோ அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியில் அறுபதைத் தாண்ட வேண்டாம். அளக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை.